பத்து மணி வெளிச்சத்தில் ஒயின்

ஒயினை நான் காலை பத்து மணிக்குத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். கேட்பவர்களுக்கு இது பெருங்குடிகாரன் பேச்சாகத் தோன்றும். ஆனால் காரணம் குடியல்ல, தொழில். காஞ்சிபுரத்தில் பட்டு நூலின் நிறத்தை யாரும் டியூப் லைட்டில் பார்ப்பதில்லை. ராத்திரியில் அரக்காகத் தெரிந்தது காலையில் கத்தரிப்பூவாக நிற்கும். கல்யாண வீட்டார் வந்து கடையில் சத்தம் போடுவார்கள். அதனால் எந்த நிறமானாலும் காலை ஒன்பதரைக்கு மேல், பதினொன்றுக்குள், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். நான் ஒரு புடவைக் கடையில் இருபது வருஷமாக ஆர்டர் பிடிக்கிறவன். வாடிக்கையாளர் கொடுக்கிற ரவிக்கைத் துண்டைச் சாயக்காரரிடம் கொண்டுபோய், அதே நிறத்தில் நூல் தோய்த்து வாங்கி வருவது என் வேலை. அப்படிப்பட்டவன் ஒயினின் நிறத்தை வேறு எந்த நேரத்தில் பார்ப்பான்? இப்படி நியாயம் பேசிப் பேசித்தான் கெட்டேன். நான் மட்டும் கெட்டிருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

ஒயின் எனக்கு அறிமுகமானது பெங்களூரில். கடை முதலாளி ஒரு புடவைக் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தார். கடைசி நாள் பக்கத்து ஸ்டால்காரர் சாப்பிட அழைத்துப்போய், எனக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் சொன்னார். வாயில் வைத்ததும் பச்சை வாழைக்காயைக் கடித்தது போல நாக்கு கட்டிக்கொண்டது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கோபம் வந்தது. என் சுபாவம் அப்படி. ஒன்று புரியவில்லை என்றால் அதன்மேல் கோபம் வரும், கோபம் வந்தால் விடமாட்டேன். முழுக் கிளாஸையும் குடித்து முடித்தேன். கடைசி வாயில், அந்தத் துவர்ப்புக்குப் பின்னால், நாவற்பழம் தின்ற பிறகு வாயில் நிற்குமே ஒரு வாசனை, அது வந்து போனது. வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு கிளாஸ் வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்து தேடினால் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் மதுக்கடைக்கே ஒயின் ஷாப் என்றுதான் பெயர். அங்கே போய் ஒயின் இருக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கம்பிவலைக்குப் பின்னால் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் கேக் செய்கிறார்களா என்று விசாரித்தார். பிறகு உள்ளே போய், தூசி படிந்த ஒரு பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தார். இருமல் மருந்தில் சர்க்கரைப் பாகைக் கலந்தது போல இருந்தது அது. என் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒரு வாரம் சிரிக்க விஷயம் கிடைத்தது.

அதன் பிறகு மாதம் ஒரு முறை சென்னைக்குக் கடை வேலையாகப் போகும்போது, ஒரு பெரிய வணிக வளாகத்துக் கடையில் ஒன்றோ இரண்டோ வாங்கி வருவேன். விலைக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: நான் கட்டுகிற சாதாரணப் பருத்தி வேஷ்டியின் விலையைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுப் பாட்டில்கள் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பவே மாட்டேன். நாசிக்கிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிற மலிவு பாட்டில்களிலேயே எனக்கு வேண்டிய அதிசயம் இருந்தது. மூன்றில் ஒன்று தேறும். தேறாதது வடித்த கஞ்சியில் எலுமிச்சம்பழம் பிழிந்த கதை. தேறியதைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கும். சொல்லத்தான் ஆள் கிடையாது.

வீட்டில் மனைவி இரண்டு நிபந்தனை போட்டாள். பாட்டில் மொட்டை மாடி அறையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது. வீட்டில் புழங்குகிற டம்ளரைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் கட்டுப்பட்டேன். ஆனால் மாடி அறை எங்கள் ஊர் சித்திரை மாதத்தில் அடுப்புக்குச் சமம். ஒரு நல்ல பாட்டில் அங்கே ஒரு மாதம் இருந்து வெந்துபோய், திறந்தபோது வெல்லப்பாகாக நாறியது. அதற்கப்புறம் மண் தொட்டியில் மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, ஈரக் கோணி சுற்றிப் பாட்டிலைப் படுக்க வைத்தேன். கார்க்கைப் பிடுங்க மரத்தில் முடுக்குகிற ஒரு ஸ்க்ரூவும் கட்டிங் பிளேயரும். பிறகுதான் தெரிந்தது, மலிவு பாட்டில்களில் பாதிக்கு மேல் திருகு மூடிதான், ஸ்க்ரூவே வேண்டாம் என்று.

இணையத்தில் பார்த்தால், செர்ரி வாசனை, பிளாக்பெர்ரி வாசனை, தோல் சேணத்தின் வாசனை என்று அடுக்குவார்கள். குதிரை ஏறாதவனுக்குச் சேணத்தின் வாசனை என்ன தெரியும்? ஒரு நோட்டு வாங்கி என் பாஷையில் எழுதினேன். களாக்காய். புளியம்பழ ஓடு. புதுப் பானைத் தண்ணீர். சுக்கு. இங்கே ஓட்டலில் மிளகும் சுக்கும் நெய்யும் போட்டு விற்கிற இட்லியோடு ஒரு வெள்ளை ஒயின் அப்படியே பொருந்திப்போனதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் பிரசாத இட்லியை அதற்குத் தொடவில்லை. அந்த அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் என் சிநேகிதனை அழைத்தேன்.

அவன் சாயக்காரன். ஐயம்பேட்டைப் பக்கம், வீட்டுக்குப் பின்னாலேயே சின்னச் சாயப்பட்டறை. என் வயதுதான். நான் நூல் தோய்க்கக் கொடுக்கிற நாலைந்து பேரில் அவனுக்கு இணை கிடையாது. துணியை வாங்கி வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்ப்பான். எந்தச் சாயப்பொடி எவ்வளவு என்று அவனுக்குள் ஓடிவிடும். ஆனால் குடி. பல் துலக்கும் முன்பே தொடங்குகிற ரகம். நிறம் பார்க்க வேண்டிய பத்து மணிக்கு அவன் கண்ணே அரக்காகச் சிவந்திருக்கும். கை நடுங்கிப் பொடி கூடிப்போய் என் ஆர்டர்களே மூன்று முறை கெட்டன. பிரியம் இருந்ததால் முதலாளியிடம் பொய் சொல்லி அவனைக் காப்பாற்றினேன்.

கடைசியில் அவன் மனைவி அவனைத் தென்னேரிப் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கயிறு கட்டினாள். குடியை விட நினைப்பவர்களிடம் பூசாரி அம்மன் முன்னால் சத்தியம் வாங்கி, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். கயிறு கையில் இருக்கிறவரை தொடக் கூடாது. தொட்டவர்களுக்கு என்னென்ன ஆனது என்று எங்கள் பக்கம் நிறையக் கதை உண்டு. அவன் பயந்தவன். ஒரு வருஷத்துக்கு மேல் கயிறு அவன் கையிலேயே இருந்தது. மஞ்சள் போய், அவன் தோய்த்த அத்தனை சாயமும் ஏறி, இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் ஆகியிருந்தது. கை நடுக்கம் நின்றது. பட்டறை மறுபடி ஓடியது. அவன் மனைவி முகத்தில் சிரிப்பைப் பார்த்ததே அந்த வருஷம்தான்.

நான் அவனை அழைத்தது குடிக்க அல்ல. இதைச் சத்தியமாகச் சொல்வேன், என் சத்தியத்துக்கு இப்போது மதிப்பு இருந்தால். ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின் ஒன்றின் நிறம் ஏதோ வெளிநாட்டு மீனின் நிறம் என்று பாட்டிலில் போட்டிருந்தது. நான் அந்த மீனைப் பார்த்ததில்லை. நிறம் என்றால் அவனைத்தானே கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தான். பையிலிருந்து தோய்க்காத வெள்ளைப் பட்டு நூலை எடுத்து விரித்து, அதன்மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தான்.

"வெங்காய சருகுபா இது," என்றான். "உரிச்ச உடனே இல்ல. ரெண்டு நாள் காஞ்சது."

நோட்டில் எழுதிக்கொண்டேன். சில வாரம் கழித்து, பிரெஞ்சுக்காரர்களும் அந்த நிறத்தை வெங்காயத்தோல் என்றுதான் சொல்வார்கள் என்று படித்தபோது, எழுந்து நின்று மேசையைத் தட்டினேன். அவனுக்கு உடனே போன் செய்து சொன்னேன். அவன் சிரித்தான். வெங்காயம் எல்லா ஊரிலயும் ஒண்ணுதானே என்றான்.

அப்புறம் ஞாயிறுதோறும் வந்தான். நிறம் மட்டும் பார்ப்பான். புது சிவப்பு ஒயினை வாடாமல்லி என்பான். ஒரு முறை கிளாஸின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, இது வாடாமல்லியிலிருந்து செங்கலுக்கு இறங்குகிறது, எங்கேயோ வெயிலில் கிடந்திருக்கிறது என்றான். குடித்தால் வெந்த வாசனை. மனைவியிடம், என்னோடு கலர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவான். அப்போது அது பொய்யும் இல்லை. மூன்றாவது வாரம் மூக்கருகே கொண்டுபோனான். நான் எழுதியிருந்ததில் பாதியை அடித்துவிட்டு, தான் முகர்ந்ததைச் சொல்லி என்னை எழுதச் சொன்னான். அவன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு. என் வேஷ்டி வரம்பின் உச்சியைத் தொட்ட ஒரு பாட்டிலைத் திறந்திருந்தேன். நிறம் பார்த்தான். முகர்ந்தான். மிளகு என்றான், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, பிடிபடவில்லை என்றான். எனக்கும் பிடிபடவில்லை. ஒரு வாய் வைத்துப் பார் என்றேன்.

"கவுறு கட்டிக்கினு இருக்கேனேபா."

"இது சரக்குல சேராதுபா. திராட்சை புளிச்சா இதுதான். பிராந்தி கணக்கா காய்ச்சி எடுக்கறது கிடையாது. எது எதுன்னு அம்மனுக்குத் தெரியாதா?"

அவன் என்னைப் பார்த்தான். படித்தவன், விஷயம் தெரிந்தவன், மூன்று முறை தன்னைக் காப்பாற்றியவன் சொல்கிறான் என்று நம்பியிருக்க வேண்டும். கயிறு இருந்த வலது கையிலிருந்து கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குடித்தான். அதை நான் பார்த்தேன். பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்புக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அறியாமை இல்லை. புளித்தது என்றாலும் போதை போதைதான் என்று தெரியாத மடையனா நான்? பாட்டில் மேலேயே அச்சிட்டிருக்கிறதே. எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருஷமாகத் தனியாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, தன்னைவிட நன்றாக ருசி பார்க்கிற ஒருவன் எதிரில் உட்கார்ந்தால், அவன் கையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அந்த நாலு மாதமும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ருசி பார்க்கிறவர்கள் வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்தேன். அவனும் ஒழுங்காகத் துப்பினான். மழை பட்ட செங்கல், ஈரக் கோணி, கொட்டையோடு மென்ற திராட்சை என்று அவன் சொல்லச் சொல்ல நோட்டு நிறைந்தது. ஐந்து பாட்டிலுக்குக் காகிதம் சுற்றி மறைத்துக் கொடுத்தேன். இருப்பதிலேயே மலிவானதைத்தான் முதல் என்றான். திரும்பவும் இடம் மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் அதையே சொன்னான். விலையைச் சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எப்போது துப்புவதை நிறுத்தினான் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஐப்பசியில் பேசின் காய்ந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறது. ஒயினின் அருமை தெரிந்துவிட்டது இவனுக்கு என்று எடுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு வந்தவன் ஒன்பதரைக்கு வந்தான், பிறகு ஒன்பதுக்கு. ஒரு புதன்கிழமை காலையில் கடைக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தி, போன ஞாயிறு திறந்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றேன். எத்தனையோ வருஷம் காலையில் குடித்தே பழகிய உடம்பு அது. அதே காலையில், அதே வெளிச்சத்தில், வாரம் தவறாமல் அதை எழுப்பிவிட்டிருந்தேன். ஞாயிறுக்கு நான் இருந்தேன். மற்ற ஆறு நாளுக்கு அவன் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். அவன் மனைவி போன் செய்தாள். கொதிக்கிற சாயத் தண்ணீரில் நூலைத் திருப்பும்போது தடுமாறி வலது கையை உள்ளே விட்டுவிட்டான். அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். முழங்கைவரை வெந்திருந்தது. வீக்கத்தில் கயிறு சதையை இறுக்கியதால், நர்ஸம்மா அதைக் கத்தரித்து ஒரு தட்டில் போட்டிருந்தார். அவன் வாயில் பிராந்தி நாற்றம்.

அவன் மனைவி அழவில்லை. எவன் வாங்கிக் கொடுத்தான், பேரைச் சொல் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை, ஆடியிலிருந்தே நானாகத்தான் போய் வாங்கினேன் என்றான். அவள் நம்பவில்லை, ஆனால் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நான் ஏதோ மருந்துச் சீட்டைப் படிக்கிறவன் போல நின்றேன்.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. விரல்கள் மடங்கின, ஆனால் சூடு தெரியவில்லை என்றான். தண்ணீரின் சூட்டைக் கையால் பார்க்கிற தொழிலில் அது பெரிய நஷ்டம். அந்த இரண்டு மாதமும் நான் பாட்டில் எதையும் திறக்கவில்லை. யாருக்கும் பிரயோஜனமில்லாத விரதம். தை மாதத்தில் அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மறுபடி கயிறு கட்டப் போகிறார்கள். இந்த முறை ஒருவர் கூடவே நின்று, இவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மன் முன்னால் சொல்ல வேண்டும் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். முறிந்த கயிற்றுக்கு அங்கே அதுதான் வழக்கமாம்.

"நீங்க நிக்கணும்ணா," என்றாள். "அவர்கூட சேர்ந்தவங்க எல்லாம் ஊத்திக் குடுத்தவங்கதான். ஊத்திக் குடுக்காத சிநேகிதர் நீங்க ஒருத்தர்தான்."

என் மனைவி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் வருகிறேன் என்றேன்.

கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கோயில் வாசலில் அவள் பூ வாங்கப் போனாள். குழாயடியில் அவனும் நானும் கால் கழுவிக்கொண்டிருந்தோம். வெந்து ஆறிய தோல் பளபளவென்று வெளுத்திருந்தது. தங்கச்சிகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்பா என்றேன்.

அவன் குழாயை மூடினான்.

"வேணாம்பா. அவளுக்கும் நம்பறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல. அது நீயாவே இருந்துட்டுப் போ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். எனக்கு வந்ததோ நிம்மதி. தப்பித்தோம் என்ற சுத்தமான நிம்மதி. குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு. என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் இதைவிட அசிங்கமானது வேறில்லை.

பூசாரி அவனிடம் சத்தியம் வாங்கினார். பிறகு என்னிடம், இவனுக்கு நீதான் பொறுப்பா என்று கேட்டார். பொறுப்பு என்றேன். குரல் நடுங்கவில்லை. புதுக் கயிற்றை அந்தத் தழும்பின் மேலேயே கட்டினார். அவன் மனைவி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி என்னையும் கும்பிட்டாள். வேண்டாம்மா என்று கையைப் பிடித்துத் தடுத்தேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அவன் சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளாக மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று சொன்னாள். பிறகு, ஒரு சின்ன உதவி கேட்கிறவள் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமைல பட்டற லீவு. வீட்ல சும்மா இருந்தாதான் அவருக்கு புத்தி அங்கயும் இங்கயும் போவுது. முன்ன மாதிரியே காலைல உங்க வீட்டுக்கு அனுப்பி வெக்கட்டுமாண்ணா? உங்ககூட இருந்தா எனக்கு பயமே இல்ல."

சரிம்மா என்றேன்.